பார்சலோனாவில் டிராம் ஓட்டியவர்கள்: அரசின்மைக் கொள்கை பற்றி ஒரு விளக்கம்

நாளிதழ்த் தமிழில் ‘அராஜகம்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கடைகள் சூறையாடப்பட்டால் அராஜகம். எதிர்க்கட்சியினர் சாலையை மறித்தால் அராஜகம். ஆளுங்கட்சிக்காரர் ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அராஜகம். வடமொழி மூலத்தில் அரசன் இல்லாத நிலை என்பதற்கு மேல் அச்சொல்லில் எதுவும் இல்லை. அரசன் இல்லாத இடத்தில் அடிதடிதான் இருக்கும் என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள். அந்த ஏற்றம் நேற்று நடந்ததும் அன்று. நெல்லும் உயிர் அன்று, நீரும் உயிர் அன்று, மன்னனே உலகுக்கு உயிர் என்று மோசிகீரனார் புறநானூற்றில் பாடிவிட்டார்; உயிர் போன உடம்பு என்ன ஆகும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘அனார்கி’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். கிரேக்கத்தில் ‘ஆள்பவர் இல்லாத’ என்பது அதன் பொருள். வழக்கில் அது குழப்பத்தையும் கலகத்தையும் குறித்தது. 1840இல் பியேர்-ஜோசப் புரூதோன் என்ற பிரெஞ்சுக்காரர், அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோத்துப் பிழைத்தவர், அந்த வசைச்சொல்லையே எடுத்துத் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்.

அரசின்மைக் கொள்கை என்று இங்கே சொல்லப்படும் அந்த வழியில் அவருக்குப் பின் வந்த, ரஷ்யர்களான பக்கூனின், குரொப்போட்கின் முதலியோர் பலவற்றில் தமக்குள் முரண்பட்டாலும் ஒரு புள்ளியில் ஒன்றுபட்டார்கள். ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டியவர்களே அதை வகுக்க வேண்டும் என்பது அந்தப் புள்ளி. இதைச் செயலில் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு அவர்கள் வழிவந்த தொழிற்சங்கங்கள் ஒரு முறையை வளர்த்தெடுத்தன. நாம் வாக்களித்து அனுப்பும் சட்டமன்ற உறுப்பினர் ஐந்தாண்டுக் காலம் தம் விருப்பப்படி கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம், கட்சி மாறவும் செய்யலாம். அதற்கு நம்மிடம் அவர் கேட்க வேண்டியதில்லை. அரசின்மைவாதிகளின் பேராளரோ ஊர்க்கூட்டமோ ஆலைக்கூட்டமோ எடுத்த முடிவைச் சுமந்து செல்லும் தூதர். அந்த முடிவுக்கு அப்பால் அவருக்கு அதிகாரம் கிடையாது. திரும்பி வந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டும். சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்திலேயே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறொருவரை அனுப்பலாம். பல ஊர்களும் பல ஆலைகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியங்களுக்கு இத்தகைய பேராளர்கள் கூடும் கூட்டமைப்பு உண்டு. ஆனால் அதிகாரம் கீழேயே தங்கியிருக்கும். ஆட்சியை ஒழித்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பி இந்தப் பக்கம் வருகிறவருக்கு முதலில் கையில் கிடைப்பது, கலந்துகொள்ள வேண்டிய கூட்டங்களின் நீண்ட பட்டியல்தான்.

இந்தக் கொள்கையைத் தம் வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டவர்களில் சென்னைக்காரர் ஒருவர் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியா, புதுச்சேரியில் பாரதியாரோடு ‘இந்தியா’ இதழில் பணியாற்றியவர். 1908இல் ஐரோப்பாவுக்குப் போனார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். விரைவிலேயே அங்கே மேலிருந்து கட்டளை இறங்கும் விதத்தோடு ஒத்துப்போக முடியாமல் விலகி, பெர்லினில் அரசின்மைவாதிகளோடு சேர்ந்துகொண்டார். 1954இல் பம்பாயில் வறுமையில் இறக்கும்வரை அந்தக் கருத்தை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுத்தில் இருந்த அரசின்மையைப் பெருந்தொகையான மக்கள் ஒரு நகரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நடத்திப் பார்த்த இடம் ஸ்பெயின்.

ஸ்பெயினுக்கு அந்தக் கொள்கை 1868இல் வந்தது. பக்கூனினின் நண்பரான ஜுசேப்பே ஃபனெல்லி என்ற இத்தாலியர், ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாமலேயே மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் தொழிலாளர்களிடையே பேசிச் சிறு குழுக்களை உருவாக்கிவிட்டுப் போனார். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அது வேரூன்றிய விதந்தான் கவனிக்கத்தக்கது. 1910இல் பார்சலோனாவில் ‘தேசியத் தொழிலாளர் கூட்டமைப்பு’ என்ற பெயரில், சுருக்கமாக சி.என்.டி. என வழங்கிய தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. அத்துடன் பேட்டைதோறும் படிப்பகங்கள் இருந்தன. பகலில் ஆலையில் நின்றவர்கள் இரவில் அங்கே எழுத்துக் கற்றார்கள், நாடகம் போட்டார்கள், கருத்தடை முதல் வானியல் வரை விவாதித்தார்கள். இந்த இடங்களில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதும், குறிப்பேடு எழுதுவதும், சந்தாக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதும் பழக்கமாயின. பின்னால் நடந்தவற்றை விளக்க வருவோர் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணிப்பில், அந்தக் குறிப்பேடுகளிலிருந்து தொடங்குவதே சரி.

1919இல் நடந்த ஒரு வேலைநிறுத்தம் அந்தப் பழக்கத்தின் பலத்தைக் காட்டியது. பார்சலோனாவுக்கு மின்சாரம் வழங்கிய, மக்கள் ‘லா கனடியென்செ’ என்றழைத்த நிறுவனத்தில் எட்டு எழுத்தர்களை வேலைநீக்கம் செய்ததில் தொடங்கிய அது 44 நாள்கள் நீடித்தது; நகரம் இருளில் மூழ்கியது; அரசு வெளியிட நினைத்த அறிவிப்புகளை அச்சுத் தொழிலாளர்கள் கோக்க மறுத்தார்கள். உடன்பாடு ஏற்பட்டபின் அதை ஏற்பதா என்று முடிவு செய்ய லாஸ் அரேனாஸ் காளைச்சண்டை அரங்கில் பெருங்கூட்டம் கூடியது. சிறையில் இருப்பவர்களை விடுவிக்கும்வரை திரும்ப மாட்டோம் என்று கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தின் முன் நின்று, வேலைக்குத் திரும்புவதே சரி என்று வாதாடியவர் சல்வதோர் செகீ. வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. அவரிடம் கட்டளையிடும் பதவி எதுவும் இல்லை. பேசி இணங்கவைக்க வேண்டியிருந்தது, இணங்கவைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்பானிய அரசு எட்டு மணி நேர வேலைநாளை ஆணையாகவே வெளியிட்டது. செகீயை 1923இல் முதலாளிகளின் கூலிப்படையினர் தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

1936 மே மாதம் சரகோசாவில் சி.என்.டி. மாநாடு கூடியபோது ஏறத்தாழ 5.5 லட்சம் உறுப்பினர்களின் பேராளர்கள் அங்கே வந்திருந்தார்கள். இரண்டே மாதத்தில், ஜூலை 17 அன்று ஸ்பானிய மொராக்கோவில் இராணுவத் தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஜூலை 19 அதிகாலை பார்சலோனாவில் படைகள் முகாம்களைவிட்டு வெளியே வந்தன. ஆலைகளின் சங்குகள் ஊதின; தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள்; குடியரசுக்கு விசுவாசமாக நின்ற காவற்படையினரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் மாலைக்குள் இராணுவம் தோற்றது. அப்போது, பார்சலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியப் பகுதியின் அரசுத் தலைவர் லூயிஸ் கொம்பனிஸ், தோளில் துப்பாக்கியோடு வந்த சி.என்.டி. முன்னணியினரைத் தம் மாளிகைக்கு அழைத்து, நகரம் இப்போது உங்கள் கையில், நான் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன் என்ற பொருள்படப் பேசியதாக அவர்களில் ஒருவரான கார்சியா ஒலிவேர் பின்னர் எழுதினார். அவர்கள் அரசைக் கைப்பற்றவும் இல்லை, கலைக்கவும் இல்லை. எல்லாக் கட்சிகளும் பங்குகொள்ளும் ஒரு படைக்குழுவை அமைத்துவிட்டு, கொம்பனிஸை அப்படியே விட்டுவிட்டார்கள். சர்வாதிகாரம் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கொள்கைக்கு அது பொருந்தியது. ஆனால் விட்டுவைத்த அரசு காத்திருக்கும் என்பதை அந்த வெற்றிக் களிப்பில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரத்தில் நகரத்தின் டிராம் போக்குவரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். சுமார் 7,000 பேர் வேலை செய்த, பெல்ஜிய முதலீடு மிகுந்த நிறுவனம் அது. சண்டையில் பல வண்டிகள் தெருக்களில் தடுப்பரண்களாகக் கிடந்தன, தண்டவாளங்கள் சேதமடைந்திருந்தன, மேலே செல்லும் மின்கம்பிகள் அறுந்திருந்தன. சி.என்.டி. டிராம் சங்கத்தினர் எழுவர் நிறுவன அலுவலகத்துக்குப் போனார்கள். இயக்குநர்கள் ஓடிப்போயிருந்தார்கள், பேச்சு நடத்த நிறுவனத்தின் வழக்கறிஞர் மட்டும் இருந்தார். உடனே பிரிவு பிரிவாகக் கூட்டம் போட்டார்கள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும், தண்டவாளம் பார்ப்பவர்கள், கம்பி இழுப்பவர்கள், பணிமனைக்காரர்கள் என ஒவ்வொரு பிரிவும் தன் பேராளரைத் தேர்ந்தெடுத்தது. பொறியாளர்கள் விலக்கப்படவில்லை, தங்கள் பிரிவுப் பேராளர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பெரிய முடிவுகள் பொதுப்பேரவைக்கு வந்தன. சண்டை ஓய்ந்து ஐந்தாம் நாள் வண்டிகள் ஓடின. முன்பு 600 வண்டிகள் ஓடிய நகரத்தில் இப்போது 700 ஓடின. சங்கத்தின் சிவப்பு, கறுப்பு வண்ணங்கள் அவற்றின்மேல் பூசப்பட்டிருந்தன. கூடுதலான 100, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்ததால் விபத்துக்குக் காரணமாக இருந்த இணைப்புப் பெட்டிகளைக் கைவிடுவதற்காகப் பழுதுபார்த்து எடுத்த பழைய வண்டிகள்.

ஊதிய வேறுபாடுகள் சுருங்கின. முன்பு கூலியாளுக்கும் கைத்திறன் தொழிலாளிக்கும் இடையே மூன்று நான்கு பெசேட்டா வேறுபாடு இருந்தது. புதிய ஏற்பாட்டில் முன்னவருக்கு நாளுக்கு 15, பின்னவருக்கு 16. 1936இல் 18.3 கோடியாக இருந்த பயணங்களின் எண்ணிக்கை அடுத்த ஆண்டில் 23.3 கோடியாக உயர்ந்தது. உபரியிலிருந்து பிற போக்குவரத்துப் பிரிவுகளின் நட்டத்துக்கும் கொடுத்தார்கள். இந்த எண்களைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் அந்த இயக்கத்தின்மேல் பற்றுள்ளவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகள் நின்றதும், போருக்குத் தப்பி வந்த அகதிகளால் நகரம் பெருத்ததும் டிராமில் கூட்டத்தைக் கூட்டியிருக்கும். ஆனாலும் அந்தக் கூட்டத்தை ஏற்றிச் செல்ல வண்டி ஓட வேண்டும், தண்டவாளம் பழுதில்லாமல் இருக்க வேண்டும், சில்லறை எண்ணிக் கணக்கு முடிக்க வேண்டும். போர்க்காலத்தில், உதிரிப்பாகங்கள் கிடைக்காத நிலையில், இயக்குநர்கள் எவரும் இல்லாமல் அது நடந்தது என்பதில் ஐயமில்லை.

டிராம் மட்டுமன்று, எரிவாயு, மின்சாரம், நெசவாலைகள், திரையரங்குகள், உணவகங்கள் எல்லாம் இவ்வாறு கைமாறின. முடிதிருத்துவோர் கூடிப் பேசி, நகரத்திலிருந்த ஏறத்தாழ 1,100 கடைகளில் பலவும் இருட்டறைகள் என்று கண்டு, அவற்றை மூடி நல்ல வசதியுள்ள 235 கடைகளாகக் குறைத்தார்கள். அக்டோபர் 24 அன்று கத்தலோனிய அரசு ஓர் ஆணையால் இதற்கெல்லாம் சட்ட வடிவம் கொடுத்தது: 100 பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனங்கள் கூட்டுடைமையாகும், 50 முதல் 100 பேர் வரை உள்ளவை, தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் சம்மதித்தால் ஆகும். அங்கீகாரம் போலத் தோன்றிய இந்த ஆணை கடிவாளமாகவும் இருந்தது. ஆலைகள் தொழிலாளர்களிடம் இருந்தன. வங்கிகளோ அரசிடம் இருந்தன. கடன் கேட்டுப் போகும் ஆலைக்குழு அரசின் நிபந்தனைகளோடு திரும்பி வர வேண்டியிருந்தது.

உள்ளேயும் சிக்கல்கள் முளைத்தன. கிடங்கில் சரக்கு நிறைந்திருந்த ஆலையை எடுத்துக்கொண்டவர்கள் வளமாக இருந்தார்கள்; மூலப்பொருள் இல்லாத சிறு பட்டறைக்காரர்கள் கூலி கொடுக்கவே திண்டாடினார்கள். முதலாளி ஒருவருக்குப் பதில் முந்நூறு முதலாளிகள் வந்துவிட்டார்கள் என்ற மனக்குறை சி.என்.டி.க்குள்ளேயே எழுந்தது. மரத்தொழிலாளர் சங்கம், காட்டில் மரம் வெட்டுவதிலிருந்து நாற்காலி விற்பது வரை தொழில் முழுவதையும் ஒரே அமைப்பாக்கி இதற்கு விடை தேட முயன்றது. எல்லாத் தொழில்களாலும் அது முடியவில்லை. ஆலைக்குழுக்களின் குறிப்பேடுகளைப் படித்த வரலாற்றாய்வாளர்கள், உடல்நிலை சரியில்லை என்று பொய் சொல்லி வராமல் இருந்தவர்கள், பொருளைத் திருடியவர்கள், வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் பற்றிய புகார்களையும் அவற்றில் கண்டிருக்கிறார்கள். தன்னாட்சி மனிதர்களை ஒரே நாளில் மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. திருட்டைக் கண்டவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதினார்கள், கூட்டத்தில் வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் நாம் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது.

மேற்கே அரகோன் பகுதியின் சிற்றூர்களில் நிலைமை வேறு. போர்முனைக்குப் பின்னால் சுமார் 450 கூட்டுப்பண்ணைகள் உருவாயின. நிலம், கருவிகள், மாடுகள், எண்ணெய் ஆட்டும் செக்கு எல்லாம் பொதுவாகின. ஊர்ப்பேரவை வேலையைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பல ஊர்களில் பணத்துக்குப் பதிலாகச் சீட்டோ உள்ளூர் நாணயத்தாளோ புழங்கியது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துப் பங்கு கிடைத்தது. சேர விரும்பாத குடியானவர் தம் குடும்பத்தால் உழ முடிந்த அளவு நிலத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம், கூலியாள் வைக்கக் கூடாது என்பது பொது விதி. விதி அப்படி, நடந்தது எப்படி என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். விருப்பத்தோடு சேர்ந்த ஊர்களும் இருந்தன. பார்சலோனாவிலிருந்து துப்பாக்கியோடு வந்த படைப்பிரிவினர் ஊர் நடுவே நிற்கும்போது, சேரமாட்டேன் என்று கைதூக்க எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. இந்தக் கேள்வியை இயக்கத்தின் அன்பர்கள் விரைவாகக் கடந்துபோகிறார்கள். கடந்துபோகக் கூடாதது அது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு நெருடலும் ஏற்படும். ஊரார் கூடித் தமக்கு விதி வகுத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. அப்படிக் கூடிய ஊர்க்கூட்டம் சாதி மாறித் திருமணம் செய்தவரை ஊரைவிட்டு விலக்கியதையும், கிணற்றைப் பூட்டியதையும் நாம் அறிவோம். கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையின் சாக்கடை என்ற கருத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஊரில் நிலம் யாரிடம், தண்ணீர் யாரிடம் என்ற கேள்வியைத் தொடாமல் அதிகாரத்தை மட்டும் ஊருக்குக் கொடுத்தால், அது ஊரில் ஏற்கனவே ஆண்டுகொண்டிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். ஸ்பானிய அரசின்மைவாதிகள் நிலத்தையும் ஆலையையும் பொதுவாக்கிவிட்டுத்தான் பேரவையைக் கூட்டினார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா ஆதிக்கத்தையும் அவர்களால் தொட முடியவில்லை என்பதும் உண்மை. குடும்ப ஊதியம் ஆணின் பெயரில் போனது. கூட்டுடைமையான பல இடங்களில் பெண்ணின் கூலி குறைவாகவே இருந்தது. லூசியா சான்செஸ் சவோர்னில், அம்பாரோ போச் முதலியோர் 1936இல் தொடங்கிய ‘சுதந்திரப் பெண்கள்’ அமைப்பில் 20,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்; எழுத்தறிவு வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் நடத்தினார்கள். தம்மை இயக்கத்தின் சம கிளையாக ஏற்கும்படி அவர்கள் கேட்டபோது, இயக்கத்தின் ஆண்கள் மறுத்துவிட்டார்கள்.

அதைவிடக் கொடியது முதல் மாதங்களின் கொலைகள். குடியரசின் பகுதியில் சுமார் 6,800 பாதிரியார்களும் துறவிகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் எல்லோரும் அரசின்மைவாதிகள் அல்லர். ஆனால் அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் நடந்தவற்றுக்கு அவர்கள் பொறுப்பாளிகள். பொறுப்போடு கூடிய தன்னாட்சி என்று பேசுகிற எவரும் இதைப் போர்க்காலக் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றே ஒதுக்காதவர் ஒருவர் இருந்தார். மத்தரோ என்ற ஊரில் கூட்டுறவுக் கண்ணாடி ஆலையில் வேலை செய்த ஜுவான் பெய்ரோ, உள்ளூர்ப் பத்திரிகையில் தம் சொந்தத் தோழர்களைச் சாடி, புரட்சியின் பெயரால் கொல்பவர்கள் கொலைகாரர்களே என்று 1936இலேயே கட்டுரை கட்டுரையாக எழுதினார். அதே பெய்ரோ அவ்வாண்டு நவம்பரில் மாட்ரிட் அரசில் தொழில்துறை அமைச்சரானார் என்பது இந்தக் கதையின் விநோதங்களில் ஒன்று. சி.என்.டி.யிலிருந்து நால்வர் அமைச்சர்களானார்கள். ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சரான ஃபெதெரிகா மோன்செனி அவர்களில் ஒருவர். அரசே கூடாது என்றவர்கள் அரசில் அமர்ந்தார்கள். கிளர்ந்தெழுந்த தளபதிகளின் தலைவரான பிராங்கோவின் படை மாட்ரிட் வாசலில் நின்றது, ஆயுதம் அரசின் வழியாகத்தான் வரும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த நியாயத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த முடிவை ஆலைக்கூட்டங்களில் வைத்து விவாதித்து எடுக்கவில்லை, மேல்மட்டத்தில் எடுத்துவிட்டுக் கீழே அறிவித்தார்கள்; அவர்கள் முறை உடைந்த இடம் அதுதான்.

உடைந்தபின் எல்லாம் விரைவாக முடிந்தது. 1937 மே 3 அன்று, தொழிற்சங்கக் குழு நடத்திவந்த பார்சலோனா தொலைபேசி நிலையத்துக்குள் கத்தலோனிய அரசின் காவலர்கள் நுழைந்தார்கள். நகரத்தில் மீண்டும் தடுப்பரண்கள் எழுந்தன. இம்முறை இரு பக்கமும் குடியரசின் ஆள்களே நின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சுடுவதை நிறுத்துங்கள் என்று வானொலியில் தம் தோழர்களிடம் வேண்டியவர்கள் அமைச்சர் மோன்செனியும் அமைச்சர் கார்சியா ஒலிவேரும். ஆகஸ்டு 11 அன்று, அரசின்மைவாதிகள் முன்னின்று நடத்திய அரகோன் பகுதியின் மன்றத்தைக் குடியரசின் அரசு கலைத்தது. குடியரசின் பக்கமே நின்ற கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்தெரின் படைப்பிரிவு ஊர்களுக்குள் புகுந்து கூட்டுப்பண்ணைகளை உடைத்தது. விதைப்புக் காலம் நெருங்கியபோது வேலைக்கு ஆளில்லாமல் போய்விடும் என்ற கவலையால் அவற்றில் பலவற்றை அரசே மறுபடி இயங்கவிட்டது. 1938 மார்ச்சில் அரகோன் பிராங்கோவிடம் விழுந்தது, 1939 ஜனவரி 26 அன்று பார்சலோனா. டிராம்கள் பழைய நிறுவனத்திடம் திரும்பின. பிரான்சுக்குத் தப்பியிருந்த பெய்ரோவைப் பிடித்துக்கொண்டு வந்து, புதிய அரசின் தொழிற்சங்கத்தில் பதவி தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள், அவர் மறுத்தார், 1942 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள்.

போர் குறுக்கிட்டதால் முடிந்துபோன ஒன்று, போர் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை காலம் நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீண்ட காலம் நின்றதைப் பார்க்க வேண்டுமானால், அதே ஸ்பெயினில், அரசின்மைவாதம் என்ற பெயரையே தாங்காத ஒன்றைப் பார்க்க வேண்டும். வலென்சியா நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்குத் தூரியா ஆற்றிலிருந்து எட்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஒவ்வொரு வாய்க்காலின் உழவர்களும் தம்முள் ஒருவரைத் தலைமை உழவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் சொந்தமாக உழுது பயிரிடுபவராக இருக்க வேண்டும். அந்த எண்மரும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் வட்டமாக அமர்ந்து, முறை தவறித் தண்ணீர் திருப்பியவர், வரப்பை உடைத்தவர், கால்வாயைத் தூர்வாராமல் விட்டவர் மீதான புகார்களை விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் கிடையாது; எல்லாம் வாய்மொழியாக, வலென்சியப் பேச்சில் நடக்கும்; மேல்முறையீடு கிடையாது. புகார் எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அந்த வாய்க்காலின் தலைமை உழவர் தீர்ப்பில் பங்குகொள்ள மாட்டார். நூற்றாண்டுகள் பழைமையான இந்த நீர் மன்றத்தை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசோ தனியுடைமையோதான் அதைக் காக்க முடியும் என்ற கருத்தை மறுக்கக் காட்டிய சான்றுகளில் வலென்சியாவின் வாய்க்கால்களும் உண்டு. ஆஸ்ட்ரம் அரசின்மைவாதி அல்லர். இந்த மன்றமும் அரசுக்கு வெளியே நிற்கவில்லை. ஸ்பானியச் சட்டம் அதன் தீர்ப்பை ஏற்பதால்தான் அபராதத்தைத் தண்ட முடிகிறது.

ஆனாலும் அதன் வேலை பெரும்பாலும் அந்த வாசலுக்கு வெளியே முடிந்துவிடுகிறது. தண்ணீர் முறை வரும் நாளில் மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒரே கரையில் நிற்கிறார்கள். மடையை ஒரு நாழிகை அதிகம் திறந்து வைத்தால் அடுத்தவர் கண்ணில் படும். வாய்க்கால் காவலருக்குச் சம்பளம் தருபவர்களும் அவர்களே. பண்பட்டவர்களாக மாறித்தான் அடங்கி இருக்க வேண்டும் என்ற தேவை அங்கே யாருக்கும் இல்லை. தவறு செய்தால் நகரத்துச் சதுக்கத்தில், சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்க்க, தன்னைப் போன்ற எட்டு உழவர்களின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது போதுமானதாக இருக்கிறது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணி அடித்ததும், பித்தளைக் கொக்கி பொருத்திய கோலை ஏந்திய சேவகர் வாசலில் நின்று ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, புகார் உள்ளவர் வரலாம் என்று அழைக்கிறார். பெரும்பாலான வாரங்களில் எட்டுப் பெயர்களுக்கும் யாரும் முன்வருவதில்லை. கறுப்பு அங்கி அணிந்த எண்மரும் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுகிறார்கள்.